தோட்டத்துக் கேள்வி–பதில்: கார்ன்ஃப்ளவர் கடிதங்கள்

மே மாத மலர்க் கண்காட்சி நெருங்குகிறது. மலையிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நீல நிறத்தில் பூக்கும் கார்ன்ஃப்ளவர் செடியைப் பற்றியவைதான். மற்றவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போட்டிக்காகத் தொட்டிகளில் கார்ன்ஃப்ளவர் வளர்க்கிறேன். நன்றாக வரட்டும் என்று யூரியா போட்டேன். இப்போது இலை, தண்டு எல்லாம் வெளுத்துத் தெரிகிறது. சாம்பல் நோய் என்று சொல்லி உரக்கடையில் கந்தகத்தூள் கொடுத்துவிட்டார்கள். அடிக்கலாமா ஐயா? (வாசகி, குன்னூர்)

பதில்: பாக்கெட்டை இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம் அம்மா. ஒரு இலையைப் பறித்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். இந்தச் செடிக்குப் பிறவியிலேயே வெள்ளை ரோமம் உண்டு. தண்டிலும் இலையின் அடிப்பக்கத்திலும் அது அதிகம். நாற்றாக இருந்தபோதே இருந்திருக்கும், நீங்கள் இப்போதுதான் கவனித்திருப்பீர்கள். தேய்த்தால் ரோமம் படியுமே தவிர விரலில் எதுவும் ஒட்டாது. நோய் என்றால் வெள்ளை மாவு விரலுக்கு வந்துவிடும். அதுவும் செடி முழுக்க ஒரே சீராக இருக்காது. மூத்த இலைகளின் மேல்பக்கத்தில் வட்ட வட்டத் திட்டாகத் தொடங்கி மேலே ஏறும். விரலில் காவி நிறப் பொடி வந்தால் அது துரு நோய், வேறு கதை. என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி கிடக்கும். வீட்டில் அதைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. ஆனால் இதற்குக் கண்ணாடிகூடத் தேவையில்லை, விரல் போதும்.

மாவு ஒட்டியதா? சரி, அந்த இலைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் வகைக் கந்தகத்தூள்) லிட்டருக்கு 2 கிராம் கலந்து காலை வேளையில் இலையின் இருபுறமும் படும்படி தெளியுங்கள். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் கந்தகம். இல்லாவிட்டால் இலை கருகும். தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள், காற்று ஓடட்டும். சாம்பல் நோய்க்கு இலை நனைந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஈரக்காற்றும் நெரிசலும் இருந்தாலே போதும்.

யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள். ஐரோப்பாவில் கோதுமை வயலில் களையாக முளைத்துக் கிடந்த செடி இது. இதற்கு எதற்கு விருந்து? தழைச்சத்து கூடினால் தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து சாயும், பூ குறையும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் தேடி வரும்.

கேள்வி: முன்பு கேரட்டும் பீன்ஸும் போட்ட பாத்தியில் விதைத்தேன். பூக்கும் நேரத்தில் செடிகள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கிச் சாய்கின்றன. தண்ணீர் விட்டும் எழவில்லை. (வாசகர், கோத்தகிரி)

பதில்: தண்ணீர் விடுவதை முதலில் நிறுத்துங்கள். சாய்ந்த செடி ஒன்றைப் பிடுங்கி, தண்டின் அடியைப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். வெளியே பஞ்சாக வெள்ளைப் பூசணமும், உள்ளே எலிப்புழுக்கை போலக் கறுத்த கட்டிகளும் இருந்தால் அது ஸ்க்ளிரோடினியா தண்டழுகல். கேரட், பீன்ஸ் இரண்டுக்கும் இதே பூசணம் வரும். அந்தப் பாத்தியிலேயே முன்பிருந்து தங்கியிருக்கலாம்.

நோய் பிடித்த செடிக்கு மருந்து இல்லை. வேரோடும் சுற்றிலும் உள்ள மண்ணோடும் எடுத்து எரித்துவிடுங்கள். உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்தக் கறுப்புக் கட்டிகள் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். மிச்சமுள்ள செடிகளை ஒரு சாண் இடைவெளிக்குக் கலைத்து, தலையில் ஊற்றாமல் அடியில் மட்டும் நீர் விடுங்கள். ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தை மக்கிய தொழு உரத்தில் கலந்து மண்ணில் இடலாம். ஆனால் அது வராமல் தடுக்கத்தான் உதவும், வந்ததை விரட்டாது. அடுத்த சில வருடம் அந்தப் பாத்தியில் மக்காச்சோளமோ வெங்காயமோ போடுங்கள்.

கேள்வி: மொட்டுகளில் எறும்பு மொய்க்கிறது. அசுவினி ஒன்றும் கண்ணில் படவில்லை. எறும்புப் பொடி தூவட்டுமா? (வாசகர், ஓசூர்)

பதில்: வேண்டாம். கார்ன்ஃப்ளவர் பூவுக்கு வெளியேயும் தேன் சுரக்கும். எறும்பு அதற்காகவும் வரும். அதே தேனுக்காகப் புழுக்களைக் கொல்லும் சின்னக் குளவிகளும் வரும். ஐரோப்பாவில் இதற்காகவே முட்டைக்கோஸ் வயல்களில் கார்ன்ஃப்ளவரை நட்டுப் பார்த்திருக்கிறார்கள். பொடி தூவினால் குளவியும் சேர்ந்து சாகும்.

மொட்டுக்குக் கீழே, தண்டு வளையும் இடத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அசுவினி அங்கேதான் ஒட்டிக் கிடக்கும். இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கீழே தள்ளுங்கள். அடங்காவிட்டால் வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர். வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். அசுவினியைத் தின்னும் பொறிவண்டு நடமாட்டம் இருந்தால் அந்தக் கரைசலையும் அடிக்காமல் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு செடிகளில் மட்டும் பூ நீலமாக வராமல் பச்சையாக, இலை இலையாக விரிகிறது. புது ரகமா? விதை எடுக்கலாமா? (வாசகி, ஊட்டி)

பதில்: ஆசையைக் கெடுப்பதற்கு மன்னியுங்கள். அது நோய். கத்தரியில் சிற்றிலை நோய் பார்த்திருப்பீர்கள், எள்ளில் பூவெல்லாம் இலையாக மாறுவதும் தெரிந்திருக்கும். இதுவும் அந்த வகைதான். ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியைத் தத்துப்பூச்சி செடிக்குச் செடி கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இலை மஞ்சளித்து, பக்கக் கிளைகள் கொத்தாகக் கிளம்பியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம். குணமாகாது. இன்றைக்கே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், சுற்றியுள்ள களையையும் எடுங்கள். அந்தச் செடியில் விதைக்காகக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: சென்னை மொட்டை மாடியில் வருமா? போன வருடம் மார்ச்சில் இலையெல்லாம் புள்ளி விழுந்து காய்ந்துவிட்டது. (வாசகர், சென்னை)

பதில்: வரும், ஆனால் குளிர்காலத்துக்கு மட்டும். மழை ஓய்ந்ததும் விதைத்து, பிப்ரவரியோடு முடித்துக்கொள்ளுங்கள். போன வருடம் வந்தது, இலையில் சாறு உறிஞ்சும் செம்பேனாக இருக்கும். வெள்ளைக் காகிதத்தின் மேல் இலையைத் தட்டினால் ஊசிமுனை அளவில் புள்ளிகள் நகரும். மார்ச் வெயிலில் அதனோடு மல்லுக்கட்டாமல் செடியைப் பிடுங்கிவிட்டு வாடாமல்லி வையுங்கள்.