வேலூர்ப் பக்கம் கொத்தவரையை விதைக்காகப் பயிரிட்டுக் குவார் கம் ஆலைக்கு விற்றால் கட்டுப்படியாகுமா?

கேள்வி கேட்டவர் அணைக்கட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் மேட்டு நிலம் வைத்திருப்பதாகவும், குவார் கம் (கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும், நீரைக் கெட்டியாக்கும் பொடி) ஏற்றுமதி பற்றிய காணொலிகளைப் பார்த்த பிறகு வேர்க்கடலைக்குப் பதிலாகக் கொத்தவரையை விதைக்காகப் போடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறார். இராணிப்பேட்டை சிப்காட்டில் துணி அச்சுக்கு வேண்டிய சரக்குகளை விற்கும் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் நான் பல ஆண்டுகள் இருந்தேன். ஜோத்பூரிலிருந்து குவார் கம் மூட்டைகளை வரவழைப்பதும் என் பொறுப்பில் இருந்தது. எங்கள் குடும்ப நிலம் கே.வி.குப்பத்தை அடுத்து இருக்கிறது, அதில் கொத்தவரை போடுவதும் வழக்கம். வாங்குகிற பக்கம், விளைவிக்கிற பக்கம் இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காய்க்காகப் போடுங்கள், விதைக்காகப் போட வேண்டாம்.

ஆலைக்காரர் எதற்காக அந்த விதையை வாங்குகிறார் என்பதை முதலில் பார்த்துவிடலாம். முற்றிய கொத்தவரை விதை ஒரு கைப்பிடி எடுத்து இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் இரண்டு விரல்களுக்கு நடுவே பிதுக்கிப் பாருங்கள். மேல்தோல் கழன்று வரும். நடுவில் மஞ்சள் நிறத்தில் முளைக்கரு இருக்கும். இரண்டுக்கும் இடையில் கண்ணாடி போன்ற ஓர் அடுக்கு வழவழவென்று விரலில் ஒட்டும். உளுந்திலோ துவரையிலோ இப்படியோர் அடுக்கைப் பார்க்க முடியாது. காலக்டோமன்னன் என்ற மாவுப்பொருள் நிறைந்த அந்த அடுக்குக்காகத்தான் இவ்வளவு பெரிய வியாபாரமும் நடக்கிறது. ஆலையில் விதையைப் பிளந்து முளைக்கருவைப் பிரித்து, சூடேற்றித் தோலை உரசி நீக்கினால், வெளிர் நிறத்தில் பருப்பு போன்ற ஒன்று மிஞ்சும். வியாபாரத்தில் அதை ஸ்ப்ளிட் என்பார்கள். அதை நீரில் பதப்படுத்தி, உருளைகளுக்கு இடையே நசுக்கி, அரைத்து, உலர்த்திச் சலித்தால் குவார் கம் பொடி கிடைக்கிறது. நூறு கிலோ விதையில் ஸ்ப்ளிட் கிடைப்பது ஏறக்குறைய முப்பது கிலோதான். மீதி சூரி, கோர்மா என்ற பெயர்களில் மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. அவற்றில் புரதம் அதிகம் என்பதால் ஆலைக்காரரின் கணக்கில் அந்த வரவும் சிறியதன்று.

எங்கள் கிடங்கில் ஒவ்வொரு லோடு வந்தவுடனும் ஒரு சோதனை செய்வோம். நூறு பங்கு நீருக்கு ஒரு பங்கு பொடி என்று கரைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பிசுப்பு அளப்போம். சுழலும் நீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே பசையாகவும் உள்ளே உலர்ந்த மாவாகவும் கட்டி கட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. நல்ல சரக்கென்றால் அந்த ஒரு பங்கே நீரை விளக்கெண்ணெயை விடக் கெட்டியாக்கிவிடும். துணியில் அச்சிடும்போது சாயம் கோட்டைத் தாண்டிப் பரவாமல் நிற்பதற்கும், ஐஸ்கிரீமில் பனித்துகள் பெரிதாகாமல் இருப்பதற்கும், மாத்திரை உடையாமல் இறுகுவதற்கும் இந்தக் குணமே பயன்படுகிறது. காட்பாடி வெடிமருந்து ஆலை நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்; கூழ் வடிவிலான வெடிமருந்து வகைகளிலும் நீரைக் கட்டி நிறுத்துவதற்குக் குவார் கம் சேர்ப்பதுண்டு.

ஆனால் நீங்கள் பார்த்த காணொலிகளில் சொல்லப்படும் பெரும்பணம் துணியிலிருந்தோ ஐஸ்கிரீமிலிருந்தோ வந்ததன்று. அமெரிக்காவில் பாறைகளுக்குள் சிக்கியிருக்கும் எரிவாயுவையும் எண்ணெயையும் எடுக்க, ஆழ்துளைக்குள் நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் விழச் செய்கிறார்கள். அந்த விரிசல்கள் மூடிக்கொள்ளாமல் இருக்க மணலையும் கூடவே அனுப்ப வேண்டும். வெறும் நீரில் மணல் அடியில் தங்கிவிடும் என்பதால் நீரைக் கெட்டியாக்கக் குவார் கம் தேவைப்பட்டது. இந்தத் தேவை திடீரென்று பெருகியதில், குவிண்டால் சில ஆயிரங்களுக்கு விற்ற விதை 2012 தொடக்கத்தில் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டியும், பொடி ஒரு லட்சத்தை ஒட்டியும் போயின. ஊக வணிகம் கட்டுமீறியதால் அந்த ஆண்டு மார்ச்சில் முன்பேர வணிகத்தையே (பின்னால் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசுவதை) நிறுத்தி, 2013 மே மாதம்தான் மறுபடி அனுமதித்தார்கள். 2012-13இல் நம் நாட்டின் குவார் கம் ஏற்றுமதி மதிப்பு 21,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2015-16இல் அது சுமார் 3,200 கோடிக்கு இறங்கிவிட்டது. கச்சா எண்ணெய் விலை விழுந்ததும், எண்ணெய் நிறுவனங்கள் வேறு வேதிப்பொருள்களுக்கு மாறியதும் காரணம். டெக்சாஸில் எத்தனை கிணறு தோண்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து அணைக்கட்டில் விளையும் விதைக்கு விலை அமையும் என்றால், அந்த விலையை நம்பி ஆடிப் பட்டத்தில் எப்படி விதைப்பது? இந்தப் பயிருக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையும் கிடையாது என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

விலை உச்சத்தில் இருந்த நாட்களில் எங்கள் பக்கமும் முகவர்கள் வந்தார்கள். விதையை நல்ல விலைக்குக் கொடுத்து, விளைந்ததைத் தாங்களே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். என் சித்தப்பா ஓர் ஏக்கர் போட்டார். செடி நன்றாகவே வந்தது, மல்லாட்டை (வேர்க்கடலை) வாடிய வாரங்களில்கூட அது பச்சையாக நின்றது. அறுவடைக்கு ஆள் விடும் சமயத்தில் அடைமழை பிடித்துக்கொண்டது. காய் செடியிலேயே நனைந்து, விதை கறுத்துப்போயிற்று. அதற்குள் விலையும் இறங்கியிருந்ததால் முகவர் தொலைபேசியை எடுக்கவில்லை. மூட்டைகளைக் கடைசியில் மாட்டுக்கு வேகவைத்துப் போட்டார்கள்.

சித்தப்பாவுக்கு நேர்ந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. இராஜஸ்தானில் ஜூலை மழையில் விதைக்கிறார்கள், செப்டம்பரில் மழை விலகிவிடுகிறது, அக்டோபர், நவம்பர் வெயிலில் காய் சலசலவென்று காய்ந்து அறுவடைக்கு வருகிறது. உலக விளைச்சலில் பெரும்பங்கு இந்தியாவினுடையது என்றால், அதிலும் பெரும்பங்கு அந்த மணல் பூமியினுடையதாக இருப்பதற்கு இந்தக் காலக்கணக்கே முக்கியக் காரணம். நமக்கோ ஆடியில் விதைத்தது முற்றும் ஐப்பசியில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. தையிலோ மாசியிலோ விதைத்தால் கோடையில் நன்றாகக் காயும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டும், கோடைத் தண்ணீரை இவ்வளவு மலிவான விதைக்குச் செலவிட எனக்கு மனம் வராது.

கணக்கையும் போட்டுவிடலாம். மானாவாரியில் ஏக்கருக்கு இரண்டு, இரண்டரை குவிண்டால் விதை கிடைத்தால் நல்ல விளைச்சல். குவிண்டால் ஐந்தாயிரம் ரூபாய் என்று வைத்தால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டாது. பிளக்கும் ஆலைகள் இராஜஸ்தான், ஹரியானா, குஜராத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஜோத்பூர் இங்கிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர். இரண்டு ஏக்கர் விளைச்சலுக்கு லாரியே கிடைக்காது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு லோடு சேர்த்தாலும் வாடகை போகக் கையில் என்ன நிற்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கொள்முதலில் இருந்தபோது, தமிழ்நாட்டு விதையை வாங்கிக் கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு தரகர்கூட எங்கள் வாசலுக்கு வந்ததில்லை.

காய்க்கு வந்தால் நிலைமை வேறு. பூசா நவ்பஹார் போன்ற, கிளைக்காமல் ஒரே தண்டாக வளரும் இரகத்தை ஓரளவு தண்ணீர் கட்டி வளர்த்தால் ஏக்கருக்கு இரண்டு டன்னுக்குக் குறையாமல் காய் எடுக்கலாம். கிலோ பதினைந்து ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் முப்பதாயிரம் வருகிறது. காகிதப்பட்டறை, டோல்கேட் உழவர் சந்தைகளுக்கு நீங்களே கொண்டு போனால் தரகும் இல்லை. சிரமம் பறிப்பில்தான். ஏழாவது வாரத்திலிருந்து மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை பறிக்காவிட்டால் காய் நார் கட்டிவிடும், கூலியும் அதிலேயே கரையும். எனவே வீட்டு ஆட்கள் பறிக்க முடிகிற அளவுக்கு, அரை ஏக்கரில் நிறுத்திக்கொள்வது நல்லது. விலை சரிந்த வாரத்தில் உப்பிட்டு வேகவைத்து மோரில் ஊறவிட்டு வற்றல் போட்டுவிடலாம். வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் முடிச்சுகள் இருப்பதால் அடுத்த பயிருக்கும் மண் கொஞ்சம் தேறும்.

இவ்வளவுக்குப் பிறகும் விதைப் பயிரைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், எச்ஜி-365 போன்ற குறுகிய கால இரகத்தைத் தையில் பத்து சென்ட் மட்டும் போட்டுப் பாருங்கள். அதற்கு முன் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் இரகம், விதை நேர்த்தி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது திரும்ப வாங்குவதாகச் சொன்னால், எந்த விலைக்கு, எந்தத் தேதிக்குள், கறுத்த விதைக்கு எவ்வளவு கழிவு, லாரி வாடகை யாருடையது என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிய பிறகே விதைக்குப் பணம் கொடுங்கள்.