கிரேக்கக் குழுப்பாடல்கள்: பையானா, திதிராம்போஸா, ஹிம்னோஸா? எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வி: எங்கள் வாசிப்பு வட்டத்துக்காகப் பண்டைய கிரேக்கத் துதிப்பாடல்கள் பற்றி ஒரு கையேடு தயாரிக்கிறேன். ஒரே பாடலை ஒரு நூல் ‘ஹிம்னோஸ்’ என்கிறது. இன்னொன்று ‘பையான்’ என்கிறது. வேறொன்று ‘ப்ரொசோடியன்’ என்கிறது. எந்தப் பாடலை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது? ஹோமரின் பெயரால் வழங்கும் துதிகளையும் இதே கையேட்டில் சேர்க்கலாமா?

பதில்: நீங்கள் பார்த்த முரண்பாடு அந்த நூல்களின் கவனக்குறைவால் வந்ததன்று. இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை யாப்பின் பெயர்களாகத் தோன்றவில்லை. யார், எங்கே, எந்தச் சடங்கில், எந்தத் தெய்வத்தை நோக்கிப் பாடினார்கள் என்பதைக் குறிக்கும் பெயர்களாகவே தோன்றின. சடங்கு மறைந்து எழுத்து மட்டும் எஞ்சிய பிறகு, அலெக்சாந்திரியாவின் நூலகத்தில் அமர்ந்து பாடல்களைச் சுருள்களாகப் பிரித்த அறிஞர்களுக்கே இது சிக்கலாகிவிட்டது. ஆகவே பாடலின் நடையைப் பார்த்துப் பெயரிடத் தொடங்காதீர்கள். அது பாடப்பட்ட தருணத்தை முதலில் தேடுங்கள். தருணம் தெரிந்தால் பெயர் பெரும்பாலும் தானே தெளிவாகும்.

முதலில் ‘ஹிம்னோஸ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் குழப்பத்தில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. பழைய கவிஞர்கள் அதை மிக விரிந்த பொருளில் ஆண்டார்கள். போட்டியில் வென்ற மனிதனைப் பாராட்டும் பாடலான எபினிகியோனை எழுதிய பிண்டார், தம் இரண்டாம் ஒலிம்பிய வெற்றிப்பாடலின் முதல் வரியிலேயே ‘யாழை ஆளும் ஹிம்னோஸ்களே’ என்று தம் பாடல்களை விளிக்கிறார். பிளேட்டோவோ ‘சட்டங்கள்’ நூலின் மூன்றாம் பகுதியில் அதைக் குறுக்குகிறார்: தெய்வங்களை நோக்கிய வேண்டுதல்களே ஹிம்னோஸ், அதற்கு எதிர்நிலையில் இருப்பது இரங்கற்பாடலான த்ரெனோஸ், பையானும் திதிராம்போஸும் தனித்தனி வகைகள், பிற்காலக் கவிஞர்கள் இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று கலந்து கெடுத்துவிட்டார்கள் என்பது அவருடைய வருத்தம். இன்னும் குறுகிய மூன்றாவது பொருளும் உண்டு. பலிபீடத்தை நோக்கி ஊர்வலமாகச் செல்லும்போது ஔலோஸ் இசையுடன் பாடியது ப்ரொசோடியன், நின்றபடி கித்தாரா என்னும் யாழ்வகையின் இசையுடன் பாடியதே முறையான ஹிம்னோஸ் என்று பிற்கால இலக்கணக்காரர்கள் பிரித்தார்கள். மூன்று பொருளும் சரியானவையே. உங்கள் கையேட்டில் ‘ஹிம்னோஸ்’ என்பதைத் தெய்வத்துதி அனைத்துக்குமான பொதுப்பெயராக வைத்துக்கொண்டு, அதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

(ஔலோஸ் பல நூல்களில் புல்லாங்குழல் என்று வருகிறது, அது தவறு. நாகசுரத்தைப் போலச் சீவாளி பொருத்தி ஊதிய இரட்டைக் குழல் அது. அதன் ஓசை கூர்மையானது. திறந்த வெளியில் ஐம்பது பேர் பாடும்போதும் கேட்கக்கூடியது.)

பையான் என்றால் அப்பொல்லோவுக்கான பாடல் என்று பாடநூல்கள் சுருக்கமாகச் சொல்வதுண்டு. தொடக்கத்தில் அது ஒரு தெய்வத்தின் பெயர். கிரீட் தீவின் க்னோஸோஸில் கிடைத்த மைசீனியக் களிமண் பலகை ஒன்றிலேயே அந்தப் பெயர் காணப்படுகிறது. பின்னர் அது அப்பொல்லோவின் அடைமொழியாகி, நோய் நீக்கும் ஆற்றலைக் குறித்து, ‘இயே பையான்’ என்ற முழக்கத்தின் வழியே பாடலுக்கும் பெயராயிற்று. நோயில் காக்க வேண்டியும், போருக்கு முன்னும், வெற்றிக்குப் பின்னும், விருந்தின் தொடக்கத்திலும் அதைப் பாடினார்கள். கி.மு. 413இல் சிரக்கூஸில் நடந்த இரவுத் தாக்குதலின்போது, ஏதென்ஸ் பக்கமே நின்று போரிட்ட, டோரியர் என்னும் கிரேக்க இனப்பிரிவினரின் பையான் எதிரிகளின் பையானைப் போலவே ஒலித்ததால் ஏதென்ஸ் வீரர்கள் கலங்கினார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். அப்பொல்லோவுக்கு மட்டும் என்ற வரம்பும் நிலைக்கவில்லை. ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டருக்குப் பையான் பாடப்பட்டது. ரோமானியத் தளபதி ஃபிளாமினினஸுக்குக் கால்கிஸ் நகரத்தார் இயற்றிய பையான் தம் காலத்திலும் பாடப்பட்டதாக வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் பதிவு செய்கிறார்.

அப்படியானால் பையானை எப்படி அடையாளம் காண்பது? பண்டையோரே நம்பிய அளவுகோல் ‘இயே பையான்’ என்ற அந்தப் பல்லவிதான். அரிஸ்டாட்டில், தம் நண்பரும் அட்டர்னியஸின் ஆட்சியாளருமான ஹெர்மியாஸ் கொல்லப்பட்டபின், அவர் நினைவாக அறப்பண்பை விளித்து ஒரு பாடல் இயற்றினார். செத்த மனிதனுக்குத் தெய்வத்துக்குரிய பையானைப் பாடினார் என்று அவர்மேல் தெய்வ நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. பல நூற்றாண்டுகள் கழித்து இதை விவாதிக்கும் எழுத்தாளர் அத்தேனையோஸ் தரும் மறுப்பு கவனிக்கத்தக்கது: அந்தப் பாடலில் பையானின் பல்லவி இல்லை, ஆகவே அது பையான் இல்லை. ஒரு பாடலின் வகை என்ன என்ற கேள்வி ஒருவரின் பாதுகாப்பையே தொட்ட இடம் இது.

ஆனால் பல்லவியை மட்டும் நம்பினாலும் இடறுவோம். கவிஞர் பாக்கிலிடீஸின் ‘கசாண்ட்ரா’ என்னும் பாடலில் ‘இயே’ என்ற முழக்கம் வருவதால் அலெக்சாந்திரிய அறிஞர் காலிமாக்கஸ் அதைப் பையான்களோடு சேர்த்தார். வீரர் கதையை விரித்துச் சொல்வதால் அது திதிராம்போஸ்தான் என்று மற்றொரு அலெக்சாந்திரிய அறிஞரான அரிஸ்டார்க்கஸ் அவரைக் கண்டித்தார். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் உரைத்துண்டு ஒன்று இந்தச் சர்ச்சையைக் காத்து வைத்திருக்கிறது. ஒருவர் வடிவத்தைப் பார்த்தார், மற்றவர் உள்ளடக்கத்தைப் பார்த்தார். பாடப்பட்ட விழா எது என்று இருவருக்குமே உறுதியாகத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. பண்டைய அறிஞர்களே உடன்படாத பாடலுக்கு நீங்களும் ஒற்றைப் பெயரை வலிந்து சூட்ட வேண்டியதில்லை. ‘பையான் அல்லது திதிராம்போஸ்’ என்று எழுதுவதே நேர்மையான தலைப்பு.

திதிராம்போஸ் மதுத்தெய்வமான தியோனிசஸுக்குரியது. ‘மதுவின் இடி தாக்கிய மனத்தோடு, தலைவன் தியோனிசஸின் அழகிய பாடலான திதிராம்போஸை முன்னின்று தொடங்க எனக்குத் தெரியும்’ என்கிறார் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் கவிஞர் ஆர்க்கிலோகஸ். ஏதென்ஸ் அதைப் பெரும் நகர்ப் போட்டியாக வளர்த்தது. நகரின் 10 குலப்பிரிவுகளும் 50 சிறுவர் கொண்ட ஒரு குழுவையும் 50 ஆடவர் கொண்ட ஒரு குழுவையும் தியோனிசஸ் பெருவிழாவுக்கு அனுப்பின. ஆக 1000 குடிமக்கள் வட்டமாக நின்று பாடி ஆடினார்கள். கோரோஸ் எனப்பட்ட இத்தகைய குழுவை வெறும் பின்பாட்டுக் குழுவாக எண்ணிவிடக் கூடாது. பாட்டும் ஆட்டமும் அங்கே பிரிந்திருக்கவில்லை. செலவை ஏற்ற செல்வந்தர் கோரேகோஸ் எனப்பட்டார். வென்ற குழுவின் பரிசு வெண்கல முக்காலி. கி.மு. 335/334இல் அப்படி வென்ற லைசிக்ரட்டீஸ், முக்காலியைத் தாங்க எழுப்பிய நினைவுச்சின்னம் ஏதென்ஸில் இன்றும் நிற்கிறது. ஆனால் எஞ்சியுள்ள பாக்கிலிடீஸின் திதிராம்போஸ்களில் பல தியோனிசஸைப் பற்றிப் பேசுவதே இல்லை. தெய்வத்தின் பெயரைத் தேடி வகை பிரிப்பவர் இங்கே ஏமாந்துபோவார்.

அப்பொல்லோவின் கோயில் இருந்த டெல்ஃபியில் பையானும் திதிராம்போஸும் ஆண்டையே பங்கிட்டுக்கொண்டன. குளிர்காலத்தின் மூன்று மாதங்கள் தியோனிசஸுக்குத் திதிராம்போஸ், எஞ்சிய மாதங்கள் அப்பொல்லோவுக்குப் பையான் என்று அங்கே பூசகராக இருந்த புளூட்டார்க் சொல்கிறார். ஆனால் அதே டெல்ஃபியில்தான் ஸ்கார்ஃபியாவைச் சேர்ந்த ஃபிலொடாமோஸ் கி.மு. 340/339இல் தியோனிசஸுக்கே ஒரு பையான் இயற்றினார். ‘எவொய், பாக்கோஸ்’ என்ற மதுத்தெய்வ முழக்கமும் ‘இயே பையான்’ என்பதும் அதன் ஒரே பல்லவியில் இணைகின்றன. அது விதிமீறலாகக் கருதப்படவில்லை. டெல்ஃபி மக்கள் அவருக்கும் அவருடைய சகோதரர்களுக்கும் சிறப்புரிமைகள் வழங்கிப் பாடலைக் கல்லிலும் பொறித்தார்கள். இரு தெய்வங்களும் ஒரே கோயிலைப் பகிர்ந்த இடத்தில் இப்படி ஒரு பாடல் பிறந்தது என்று அறிந்தபின், அதன் பெயர் நமக்குப் புதிராக இருக்காது.

மற்ற வகைகளை விரைவாகக் கடக்கலாம். கன்னியர் குழு பாடியது பார்த்தெனியோன். ஸ்பார்ட்டாவின் ஆல்க்மன் இயற்றிய மிகப் புகழ்பெற்ற பார்த்தெனியோன் 1855இல் எகிப்தின் சக்காராவில் கிடைத்த பாப்பிரஸ் வழியே நம்மை அடைந்து, இன்று லூவ்ரில் இருக்கிறது. அதில் பாடும் பெண்கள் தங்களைப் பற்றியும் தங்கள் தலைவியைப் பற்றியும் பேசுவதே அதன் வகையைக் காட்டிவிடுகிறது. திருமணப் பாடல் ஹிமெனையோஸ். ‘ஸ்ட்ரோஃபி’, ‘அண்டிஸ்ட்ரோஃபி’, ‘எபோடோஸ்’ ஆகியவை பாடல் வகைகள் அல்ல, பாடலின் உறுப்புகள்: முதல் இரண்டும் அசைக்கு அசை ஒத்த ஒரே சந்தத்தில் அமையும், மூன்றாவது வேறு சந்தத்தில் அமையும். இவற்றை வகைகளின் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

ஹோமரின் பெயரால் வழங்கும் துதிகளைக் கையேட்டின் மையத்தில் வைக்க வேண்டாம் என்பதே என் அறிவுரை. அவை காவிய யாப்பில் தனி ஒருவர் ஓதியவை. அவற்றில் அப்பொல்லோவுக்கான துதியைத் துசிடிடீஸ் ‘ப்ரொஓய்மியோன்’, அதாவது முன்னுரைப் பாடல் என்றே குறிப்பிடுகிறார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பின்னிணைப்பாகத் தரலாம்.

தொடங்குவதற்கு இரண்டு கல்வெட்டுப் பாடல்களைப் பரிந்துரைக்கிறேன்; கல்லில் பொறித்த பாடலுக்கு அது வைக்கப்பட்ட இடமே பாதிச் சான்று. ஒன்று கிரீட்டின் பலைக்காஸ்ட்ரோவில் 1904இல் கிடைத்தது. அதில் பாடுவோர், நன்கு வேலியிட்ட பலிபீடத்தைச் சூழ்ந்து நின்று யாழும் ஔலோஸும் கலந்த பாடலை நெய்கிறோம் என்று தாங்களே சொல்கிறார்கள். ‘மாபெரும் இளைஞனே’ என்று இளம் ஸேயுஸை விளித்து, இந்த ஆண்டும் டிக்டே மலைக்கு வரும்படியும், மந்தைகளுக்காகவும் விளைச்சலுக்காகவும் நகரங்களுக்காகவும் கப்பல்களுக்காகவும் துள்ளும்படியும் வேண்டுகிறார்கள். விளித்தல், தெய்வத்தின் கதையை நினைவூட்டல், வேண்டல் என்ற தெய்வத்துதியின் மூன்று அடுக்குகளையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடலை நான் அறியேன்.

மற்றொன்று டெல்ஃபியில் ஏதென்ஸ்காரர்களின் கருவூலக் கட்டடச் சுவரில், இசைக்குறிகளோடு 1893இல் கண்டெடுக்கப்பட்ட லிமெனியோஸின் பாடல். கி.மு. 128/127இல் ஏதென்ஸிலிருந்து டெல்ஃபிக்குச் சென்ற திருப்பயணத்தின்போது பாடப்பட்டது. அதன் பெரும்பகுதி நெடில், குறில், நெடில் என ஐந்து மாத்திரையில் நடக்கிறது. முடிவில் வேண்டுதல் வரும்போது சந்தம் மாறுகிறது. பாடலின் தலைப்பும் கல்லிலேயே இருக்கிறது: ‘தெய்வத்துக்கான பையானும் ப்ரொசோடியனும்’. சந்தம் மாறும் இடம் இந்த இரட்டைப் பெயருக்குப் பொருந்துகிறது. உங்கள் நூல்கள் இதற்கு வெவ்வேறு பெயர் தந்தால், ஒவ்வொன்றும் அந்தத் தலைப்பில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டது என்று பொருள். நீங்கள் முழுத் தலைப்பையும் அப்படியே தாருங்கள். ஆனால் கல் பல இடங்களில் சிதைந்திருப்பதால் அந்தத் தலைப்பிலேயே சில எழுத்துகள் பதிப்பாசிரியர்கள் ஊகித்து நிரப்பியவை. அவர்கள் இடும் [ ] என்னும் பகர அடைப்புகளைத் தமிழ் வரிகளிலும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். கல்லில் இருப்பது எது, ஊகம் எது என்பது உங்கள் வாசகர்களுக்கும் தெரிய வேண்டும்.