அட்டையில் யார் பெயர்?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் வசிக்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். திருநெல்வேலிச் சமையல் பற்றி 144 பக்கத்தில் ஒரு நூலை என் பெயரில், சொந்தச் செலவில், 1,000 படிகள் அச்சிடப் போகிறேன். குறிப்புகள் எங்களோடு இருக்கும் என் அக்கா 30 ஆண்டுகளாக நோட்டில் எழுதி வைத்தவை. அவற்றிலிருந்த சொந்த விஷயங்களை நீக்கி, ஒழுங்குபடுத்தித் தட்டச்சு செய்து அக்காவிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். நூலுக்கு அடையாளமாகத் தரப்படும் ஐ.எஸ்.பி.என். எண் வாங்கித்தர முகவர் ஒருவர் 5,000 ரூபாய் கேட்கிறார். நூலை எப்படிச் சந்தைப்படுத்துவது?

பதில்: சந்தைக்குப் பிறகு வருவோம். அக்கா ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போனார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே முகவரின் கட்டணத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. தன் கையெழுத்தில் கிடந்த 30 ஆண்டுகள் தம்பியின் பெயரைத் தாங்கித் திரும்பி வந்ததைப் பார்த்த ஒரு பெண், அந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, வேறு என்னதான் சொல்லியிருக்க முடியும்?

மாதிரிக்கு நீங்கள் அனுப்பிய, தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதிக் குழம்புக் குறிப்பின் இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்துப் படித்தேன். நோட்டுப் பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் படிந்த விரல்தடம் இருக்கிறது. “முதல் பாலைக் கடைசியில் விட்டு, நுரை கூடியதும் இறக்கு; கொதித்தால் திரிந்துபோகும். மறுவீட்டன்று எனக்குத் திரிந்தது, அத்தை ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் அழுதேன்” என்று எழுதியிருக்கிறார். உங்கள் தட்டச்சில் “முதல் பால் சேர்த்து இறக்கவும்” என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது. சொதி வைக்கத் தெரியாத ஒரு பெண்ணுக்குக் கைகொடுக்கிற வரியையே சொந்த விஷயம் என்று வெட்டிவிட்டீர்கள்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரே எழுத்தின் முதல் உரிமையாளர். அவருடைய ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். தட்டச்சு செய்தவருக்கு அது கைமாறாது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து நீங்கள் திருந்த வேண்டும் என்று நான் எழுதவில்லை. பொங்கல்படி ஒரு வருடம் தவறினால் உடன்பிறந்தவளின் முகத்தில் எப்படி விழிப்பது என்று கூசுகிற ஊர் நம்முடையது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவர், அக்காவின் உழைப்பைக் கேளாமல் எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொள்வதைக் களவு என்றுதான் சொல்வேன். அக்காவை வீட்டில் வைத்துச் சோறு போடுவதால் அவருடைய நோட்டு உங்களுக்குச் சொந்தமாகிவிடாது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்த முகவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம், ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றியே தருகிறது, நூலாசிரியர் தாமே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். 1,000 படிகள் போட்டுவிட்டுக் கட்டுக்கட்டாகப் பரணில் ஏற்றியவர்கள் எனக்கு நிறையக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். முதலில் 200 படிகள் போதும், தீர்ந்தால் மறுபடி அச்சிடலாம். 144 பக்கம் என்பது 16 பக்க ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கிற பகுதி, சரியாக ஒன்பது. வெட்டிய வரிகளைத் திரும்பச் சேர்க்கும்போது பக்கம் கூடும், அதற்காகக் கஞ்சப்பட்டு இன்னொரு வரியையும் வெட்டிவிடாதீர்கள். கடைக்காரருக்கு 35 சதவீதம் வரை கழிவு போகும் என்பதைக் கணக்கில் வைத்து விலை போடுங்கள். சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது.

பாளையங்கோட்டையில் பொருநை புத்தகத் திருவிழா நடக்கும்போது நூலை அங்கே வைக்கலாம். வாங்க வருகிற பெண்கள் பக்கத்தைப் புரட்டியதும், தேங்காய்ப்பால் எந்தப் பதத்தில் திரியும், எலுமிச்சைச் சாறு எப்போது பிழிவது என்று கேட்பார்கள். அடுப்படிப் பக்கம் போகாத நீங்கள் அப்போது என்ன பதில் சொல்வீர்கள்?

ஆகவே இன்றைக்கே நோட்டை அக்காவிடம் திருப்பிக் கொடுங்கள். “தப்புப் பண்ணிட்டேன்க்கா, அட்டையில உன் பேரப் போடட்டுமா” என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அச்சு வேலையை அதோடு நிறுத்திவிடுங்கள். சரி என்றால், உங்கள் பெயர் உள்பக்கத்தில் தொகுப்பாளராக இருக்கட்டும். அச்சுக்கு முன் பிழை பார்க்கிற கடைசி மெய்ப்பை அவரே பார்க்கட்டும். 30 ஆண்டுகள் அடுப்புப் புகையில் எழுதியவரின் கண்ணை முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டி, கண்ணாடி வேண்டியிருந்தால் வாங்கிக் கொடுத்துவிட்டு மெய்ப்பை நீட்டுங்கள்.