டீக்கடை சீனியரும் ஆல்கோவும்: ஒரு ஜூனியர் டீலரோட கேள்வி

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 26 வயசு, சொந்த ஊர் சிவகாசி பக்கம். மும்பைல ஒரு புரோக்கிங் கம்பெனியோட இன்ஸ்டிடியூஷனல் டெஸ்க்ல (ஃபண்டு மாதிரி பெரிய நிறுவனங்களோட ஆர்டரைப் பாக்குற இடம்) ஜூனியர் டீலரா இருக்கேன். எங்க சீனியர் பாதி நேரம் போன்ல, மீதி நேரம் கீழ டீக்கடைல. ஆனா பெரிய ப்ளாக், அதாவது ஒரே பங்குல மொத்தமா வாங்குற, விக்கிற பெரிய ஆர்டர் எல்லாம் அவர்கிட்டதான் வருது. மேனேஜ்மென்ட் என்னடான்னா எல்லாம் ஆல்கோவுக்கு (தானா ஆர்டர் போடுற கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு) மாறப்போகுது, பைத்தான் கத்துக்கோங்கன்னு மெயில் போடுறாங்க. ஆள் பழக்கத்துக்கெல்லாம் இனிமே இந்தத் தொழில்ல மதிப்பு இருக்கா? இன்னொன்னு, கூடப் படிச்சவன் ஒருத்தன் ஒரு டிரேடிங் கம்பெனில இருக்கான், "பெரிய ப்ளாக் வந்தா லேசா ஒரு ஹிண்ட் குடு மச்சி, இதுவும் ரிலேஷன்ஷிப்தானே"ங்கறான். அப்பா வேற ஊருக்கு வந்து பேங்க் எக்ஸாம் எழுதுங்கறார். என்ன பண்ணட்டும்? – பெயர் வேண்டாம், மும்பை.

பதில்: தம்பி, நீங்க கேட்டதுல நடுவுல இருக்குற அந்த ஹிண்ட் விஷயம்தான் அவசரம், ஆனா உங்க சீனியர் என்ன வேலை பாக்குறார்னு பேசி முடிச்சாத்தான் அதுக்கு நான் சொல்றது புரியும், அதனால வரிசையாவே வரேன்.

மேனேஜ்மென்ட் சொல்றது முழுக்கத் தப்புன்னு சொல்ல மாட்டேன். சின்ன ஆர்டர், நல்லா ஓடுற பங்கு, ரிலையன்ஸோ எச்டிஎஃப்சி பேங்க்கோ, அதுல ஒரு மனுஷன் உக்காந்து துண்டு துண்டா அடிச்சிட்டு இருக்குறதுல அர்த்தமே இல்ல, மிஷின் அதை நம்மளவிட அழகா செய்யும், தூங்காது, டென்ஷன் ஆகாது. அந்த வேலை போச்சுன்னா போகட்டும்.

ஆனா இந்தக் கணக்கைப் பாருங்க. ஒரு மிட்கேப் பங்கு, அதாவது நடுத்தர அளவு கம்பெனியோடது, ஒரு நாளைக்கு மொத்தமே 5 லட்சம் ஷேர்தான் கைமாறுது. ஒரு ஃபண்டுக்கு 40 லட்சம் ஷேர் விக்கணும். மார்க்கெட் வால்யூம்ல பத்து சதவீதத்துக்கு மேல போகாதேன்னு ஆல்கோவுக்கு செட்டிங் வச்சா ஒரு நாளைக்கு 50,000 ஷேர் போகும், அப்போ முடிக்க 80 டிரேடிங் நாள், கிட்டத்தட்ட நாலு மாசம். நாலு மாசம் ஒருத்தன் தினமும் விடாம வித்துக்கிட்டே இருந்தா மத்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்? மூணாவது நாளே எவனாவது மோப்பம் பிடிச்சிருவான். ஊர்ல அவசரத்துக்கு நிலத்தை விக்கிறவன் கதைதான், வட்டிக்காரன் நெருக்குறான்னு வெளிய தெரிஞ்சிட்டா அப்புறம் வர்றவன் எல்லாம் பாதி விலைக்குத்தான் கேப்பான்.

இங்கதான் ஸ்க்ரீன்ல தெரியாத ஒரு ஆளைத் தேட வேண்டியிருக்கு. அந்த 40 லட்சத்தையும் மொத்தமா எடுத்துக்கக் கூடிய ஃபண்டு மேனேஜர் இன்னிக்கு ஆர்டரே போட்டிருக்க மாட்டார், அவருக்கே தனக்கு அது வேணும்னு இன்னும் தோணியிருக்காது, ஏன்னா மார்க்கெட்ல கொஞ்சம் கொஞ்சமா வாங்கினா விலை ஏறிடும்னு அவர் அந்தப் பங்கை எப்பவோ ஒதுக்கி வச்சிருப்பார். ஆல்கோ எங்க போய்த் தேடும்? போட்ட ஆர்டரோடதான் அதால பேச முடியும், இன்னும் போடாத ஆர்டரை ஞாபகத்துல இருந்து எடுத்துட்டு வர்றது உங்க சீனியர் மாதிரி ஆளுங்கதான்.

மத்த வாசகர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிடறேன், உங்களுக்குத் தெரிஞ்சதுதான். நம்ம எக்ஸ்சேஞ்ச்ல பெரிய கைமாத்தலுக்குன்னே தனியா ப்ளாக் டீல் விண்டோ இருக்கு, காலைல 8:45ல இருந்து 9, மதியம் 2:05ல இருந்து 2:20, அவ்வளவுதான், கால் மணி நேரம் ரெண்டு தடவை. வாங்கினா டெலிவரி எடுத்தே ஆகணும், அன்னைக்கே திருப்பி வித்துட முடியாது, சாயங்காலம் யார் வாங்கினா யார் வித்தான்னு எக்ஸ்சேஞ்ச் பேரோட போட்டுரும். 2017 விதிப்படி குறைஞ்சது 10 கோடி ரூபா ஆர்டர், விலை ரெஃபரன்ஸ் விலைல (எக்ஸ்சேஞ்ச் அடிப்படையா வைக்கிற விலைல) இருந்து மேலயோ கீழயோ ஒரு சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு இருந்துச்சு. 2025 அக்டோபர்ல பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி புது சர்க்குலர் போட்டு குறைஞ்ச அளவை 25 கோடியாவும் விலை வரம்பை 3 சதவீதமாவும் மாத்திருச்சு. உங்க மேனேஜ்மென்ட் இதை யோசிச்சாங்களான்னு தெரியல. ஒரு சதவீதம்தான் இடம்னா பேரம் பேச என்ன இருக்கு, மூணு சதவீதம்னா 100 கோடி டீல்ல 3 கோடி வரைக்கும் ரெண்டு பக்கமும் இழுபறி நடக்கும், அந்த இழுபறியை நடத்தி வைக்க ஒரு ஆள் வேணும். அந்தக் கால் மணி நேரத்துல கம்ப்யூட்டர் செய்யுறது கடைசி தாலி கட்டுறது மட்டும்தான், பொண்ணு பாக்குறது, சீர் பேசுறது எல்லாம் முந்தின நாள் ராத்திரியே முடிஞ்சிருக்கும்.

சரி, சீனியர்கிட்ட அப்படி என்னதான் இருக்கு? போன் நம்பர் எல்லார்கிட்டயும்தான் இருக்கு, லிங்க்ட்இன்ல தேடினாலே கிடைக்கும். யாரை கூப்பிட வேணாம்னு தெரிஞ்சிருக்கு பாருங்க, அதுதான் அவரோட சரக்கு. ஒரு ஸ்கீம்ல ஒரே கம்பெனி பங்கு பத்து சதவீதத்துக்கு மேல மியூச்சுவல் ஃபண்டு வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு இல்லையா. போன மாச போர்ட்ஃபோலியோவைப் பாத்து ஏற்கனவே ஒன்பதே முக்கால்ல நிக்கிற ஸ்கீமோட மேனேஜரை நீங்க கூப்பிட்டா அவரால வாங்க முடியாது, ஆனா விக்கிறவன் ஒருத்தன் இருக்கான்ங்கற சேதி மட்டும் அவர் காதுக்குப் போயிருச்சு. அவர் நல்லவராவே இருக்கட்டும், ஒரு காது கூடிடுச்சா இல்லையா? பத்து பேரை கூப்பிட்டு டீலை முடிக்கிறவன் சுமார் டீலர்தான். ரெண்டே பேர்ல முடிக்கிறவன்கிட்டதான் அடுத்த தடவையும் ஆர்டர் வரும்.

இதுக்கு ஹோம்வொர்க் வேணும், அதுதான் நீங்க மார்க்கெட் இன்சைட்னு கேள்விப்படுற வார்த்தையோட நிஜ முகம். காலாண்டு ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன், ஒரு சதவீதத்துக்கு மேல யார் வச்சிருக்காங்கன்னு பேரோட இருக்கும். மாசா மாசம் ஃபண்டுகள் வெளியிடுற போர்ட்ஃபோலியோ, யார் மூணு மாசமா மெல்ல மெல்ல சேக்குறாங்க, யார் பாதில நிறுத்திட்டாங்க. ஐபிஓல ஆங்கர் இன்வெஸ்டருக்கு (வெளியீடு திறக்குறதுக்கு முன்னாடியே வாங்குற பெரிய ஃபண்டுக்கு) பாதி ஷேர் 30 நாள்லயும் மீதி 90 நாள்லயும் லாக்-இன், அதாவது விக்கக் கூடாதுங்கற தடை, முடியும், அந்தத் தேதி காலண்டர்ல இருக்கணும். நிஃப்டி பட்டியல்ல இருக்குற பங்குகள் மாத்தம் மார்ச்லயும் செப்டம்பர்லயும் வரும், அப்போ அந்தப் பட்டியலை அப்படியே வாங்கி வைக்கிற இண்டெக்ஸ் ஃபண்டு வேணுமோ வேணாமோ வாங்கித்தான் ஆகணும். இதெல்லாம் ஓசிலயே கிடைக்கிற தகவல்தான், ஆனா முக்காவாசி டீலர் படிக்கிறதே இல்ல, நேரா போனை எடுத்து "என்ன சார், ஏதாவது இருக்கா"ன்னு ஆரம்பிச்சிடறாங்க. அதுக்குப் பேரு உறவா? எதிர்ல இருக்குறவருக்கு அது தொந்தரவு.

நல்ல சீனியர் ஒருத்தர் பேசுறதைப் பக்கத்துல உக்காந்து கேட்டுப் பாருங்க. பங்கு பேரே முதல்ல வராது. "சார், ஆட்டோ பங்குகள்ல இன்னும் இடம் வச்சிருக்கீங்களா, இல்ல போதும்னு நினைக்கிறீங்களா?" அவர் போதும்னா பேச்சு அங்கயே முடிஞ்சிது, ரெண்டு நிமிஷம் மழையைப் பத்திப் பேசிட்டு வச்சிடுவார். இடம் இருக்குன்னா அடுத்த கேள்வி, "ஒரு விஷயம் சொல்லட்டுமா, சொன்னா அது முடியிற வரைக்கும் நீங்க அந்தப் பங்கைத் தொட முடியாது, பரவாயில்லையா?" இப்படிக் கேட்டு அவர் சரின்னதுக்கு அப்புறம்தான் பேரு. சிலர் "வேணாம்ப்பா, நான் அந்த செக்டர்ல இன்னிக்கு டிரேட் பண்ணணும், சொல்லாத"ன்னு சொல்லிடுவாங்க, அப்படிச் சொல்றவரை விட்டுடாதீங்க, அடுத்த ஆர்டருக்கு முதல் போன் அவருக்குத்தான் போகணும். இது எல்லாமே ரெக்கார்ட் ஆகுற லைன்ல நடக்கணும். மியூச்சுவல் ஃபண்டு டீலிங் ரூம்ல ரெக்கார்டட் லைன்தான்னு உங்களுக்கே தெரியும். டீக்கடைல பேசுறது கிரிக்கெட், பையனோட ஸ்கூல் அட்மிஷன், அவ்வளவோட நிக்கணும், உங்க சீனியர் நல்லவர்னா அவரும் அப்படித்தான் நிறுத்துவார்.

இன்சைட்டுக்கு ஒரு நிஜ உதாரணம் சொல்றேன். 2024 மார்ச்ல பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ தன்கிட்ட இருந்ததுல, ஐடிசியோட மொத்தப் பங்குல 3.5 சதவீதம் அளவுக்கு ப்ளாக்கா வித்தது, சுமார் 17,500 கோடி ரூபா, விலை முந்தின நாள் க்ளோசிங்கைவிட ஒரு சதவீதம் பக்கம் கம்மி, 400 ரூபா சொச்சம். இவ்வளவு பெரிய சரக்கு ஒரே நாள்ல மார்க்கெட்டுக்கு வந்தா விலை விழணும்னு தானே சாதாரணமா நினைப்போம்? அன்னைக்கு ஐடிசி ஏறிச்சு. ஏன்னா விக்கப்போறோம்னு அவங்க முந்தின மாசமே வெளிப்படையா சொல்லிட்டாங்க, எப்போ வந்து விழுமோன்னு வாங்குறவன் எல்லாம் கையைக் கட்டிக்கிட்டு நின்னான், வித்து முடிச்ச காலைல அந்தப் பயம் போயிருச்சு. முந்தின ராத்திரி ஃபண்டு மேனேஜர்கிட்ட இந்தக் கோணத்தை எடுத்துச் சொல்லத் தெரிஞ்ச ஆளுக்கும் "சார் ஒரு பர்சென்ட் டிஸ்கவுண்ட் சார்"னு மட்டும் சொல்றவனுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு நீங்களே பாத்துக்கோங்க.

மிஷின் வந்தா ஆள் போயிடுவான்ங்கறது புதுப் பேச்சும் இல்ல. நியூயார்க்ல கோல்ட்மேன் சாக்ஸ்ங்கற முதலீட்டு வங்கில கஸ் லெவிங்கற ஒருத்தர், ப்ளாக் டிரேடிங்கை ஒரு தொழிலாவே வளர்த்தவங்கள்ல ஒருத்தர், முழுக்க முழுக்க போன்தான். இன்ஸ்டிநெட்னு புரோக்கரே வேணாம்னு ஒரு எலெக்ட்ரானிக் சிஸ்டம் 1969லயே ஆரம்பிச்சாச்சு. 1975 மே 1ம் தேதி அங்க புரோக்கருக்கு நிலையான கமிஷன்ங்கற முறையை நீக்கிட்டாங்க, கமிஷன் சரிஞ்சுது, சாதாரண ஆர்டர் வேலை மெல்ல மெல்ல மிஷினுக்குப் போச்சு. அதுக்கப்புறம் டார்க் பூல் (ஆர்டர் வெளிய தெரியாத தனிச் சந்தை) அது இதுன்னு எவ்வளவோ வந்தாச்சு, பெரிய ப்ளாக்குக்கு இன்னிக்கும் போன் அடிக்குது. ஆனா ஆள் எண்ணிக்கை குறைஞ்சிருச்சு, அதையும் மறைக்காம சொல்லிடறேன். பத்து பேர் இருந்த டெஸ்க்ல மூணு பேர் இருப்பாங்க, அந்த மூணுல நீங்க ஒருத்தரா இருக்கணும்.

இப்போ உங்க ஃப்ரெண்டு. ஹிண்ட் கொடுக்காதீங்க. லேசாவும் கொடுக்காதீங்க, ஸ்மைலி போட்டும் கொடுக்காதீங்க. 2017 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொல்லிச்சு, ஒரு வெளிநாட்டு ஃபண்டோட ஆர்டர் விவரம் தெரிஞ்ச ஒருத்தர் அதைத் தன் சொந்தக்காரங்ககிட்ட சொல்ல, அவங்க முந்திக்கிட்டு டிரேட் பண்ணினாங்க. அவங்க புரோக்கர் கிடையாது, வெளியாள்தான், அப்படி வெளியாள் செஞ்சாலும் அது மோசடிதான்னு கோர்ட் சொல்லிருச்சு. அதனால "நான் சும்மா சொன்னேன், டிரேட் பண்ணினது அவன்தானே"ங்கறது எங்கயும் எடுபடாது. அமெரிக்காலயும் பாருங்க, 2024 ஜனவரில மார்கன் ஸ்டான்லிங்கற முதலீட்டு வங்கி 249 மில்லியன் டாலர் பக்கம் கட்டிச்சு. ரகசியமா வச்சுக்கோங்கன்னு விக்கிறவங்க சொல்லி ஒப்படைச்ச ப்ளாக்கைப் பத்தி அவங்க டெஸ்க்ல இருந்து சில ஃபண்டுகளுக்கு முன்னாடியே சேதி போச்சு, அந்த ஃபண்டுகள் ஷார்ட் அடிச்சு (கைல இல்லாத பங்கை முன்கூட்டியே வித்து) வச்சுக்கிட்டு அப்புறம் அந்த ப்ளாக்லயே வாங்கி கவர் பண்ணிக்கிட்டாங்க, வித்தவருக்குக் கிடைச்சதோ குறைஞ்ச விலை. அங்கயும் இதுக்கு ரிலேஷன்ஷிப்னுதான் பேரு வச்சிருப்பாங்க. டெஸ்க்கை நடத்தினவருக்குத் தனியா அபராதம், தொழிலுக்கே தடை.

உங்க ஃப்ரெண்டுகிட்ட சுத்தி வளைக்காதீங்க, "லைன் ரெக்கார்ட் ஆகுது, அப்புறம் பேசறேன்"னா வேற லைன்ல பேசலாம்னு அவனுக்குக் கேக்கும். "என் க்ளையண்ட் ஆர்டரைப் பத்தி நான் பேச மாட்டேன், இனிமே கேக்காத"ன்னு ஒரே தடவை, முடிஞ்சா எழுத்துல, அனுப்பிடுங்க. மறுபடி கேட்டா கம்ப்ளையன்ஸ்ல (கம்பெனில விதிமுறையைக் கண்காணிக்கிற பிரிவுல) சொல்லிடுங்க, காட்டிக்குடுக்கிறோமேன்னு தோணும், ஆனா நாளைக்கு அவன் எங்கயாவது மாட்டினா முதல்ல அவன் வாட்ஸ்அப்பைத்தான் நோண்டுவாங்க, அதுல உங்க பேர் எப்படி இருக்கணும்னு இன்னைக்கே முடிவு பண்ணிக்கோங்க. வீட்ல யார் பேர்ல டீமேட் கணக்கு (பங்கு வச்சிருக்குற கணக்கு) இருந்தாலும், மச்சான் பேர்ல இருந்தாலும், கம்பெனி ஃபார்ம்ல கேட்டிருந்தா ஒளிக்காம எழுதிடுங்க.

பைத்தான் கத்துக்கோங்க, அதுல என்ன கௌரவக் குறைச்சல். நான் மேல சொன்ன ஷேர்ஹோல்டிங், போர்ட்ஃபோலியோ, லாக்-இன் தேதி எல்லாத்தையும் கையால திரட்டினா ஒரு நாள் போயிடும், ஸ்கிரிப்ட் எழுதிட்டா காலைல டீ ஆறுறதுக்குள்ள யாரை கூப்பிடலாம், யாரை கூடாதுன்னு லிஸ்ட் ரெடி. உங்க சீனியருக்கு அது தெரியாது, அவருக்கு அதைச் செஞ்சு கொடுங்க, பதிலுக்கு நாலு மீட்டிங்குக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, போய் வாயைத் திறக்காம உக்காந்து கேளுங்க. அவர் ஒருவேளை டீக்கடைல ஆர்டர் பேரெல்லாம் பேசுற ஆள்னா அப்போ இந்த யோசனை வேணாம், வேற டெஸ்க் பாத்துக்கிட்டு கிளம்பிடுங்க.

அப்பாகிட்ட ஒன்னு சொல்லுங்க, பேங்க் பிஓ எக்ஸாமுக்கு வயசு வரம்பு 30, ஓபிசின்னா 33. உங்களுக்கு 26தான் ஆகுது. ரெண்டு வருஷம் டெஸ்க்ல இருந்து பாத்துட்டு அப்புறம் ஃபார்ம் போட்டாலும் லேட் ஆகாது.