புராஸ்டேட் திசுவில் ஹார்மோனும் சர்க்கரைச் சங்கிலிகளும்: கேள்வி பதில்

கேள்வி: விதை (விந்தகம்) நீக்கிய எலியின் புராஸ்டேட்டில், வென்ட்ரல் லோபில் (வயிற்றுப்பக்க மடல்), கோதுமை முளை லெக்டின் (டபிள்யூ.ஜி.ஏ.; லெக்டின் என்பது குறிப்பிட்ட சர்க்கரையைப் பிடிக்கும் புரதம்) மங்கலாகப் படிகிறது. சயாலிக் அமிலம் (சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் இருக்கும் அமிலச் சர்க்கரை) குறைந்துவிட்டது என்று எழுதலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) நின்றதும் முதலில் குறைவது செல்கள்தான். வென்ட்ரல் லோபில் மூன்றாம் நாள் வாக்கில் அப்போப்டோசிஸ் (செல்கள் தாமே மடிவது) உச்சத்தைத் தொடும். தப்பிய லூமினல் செல்கள் (சுரப்பியின் உள்குழியான லூமனை ஒட்டியவை) குட்டையாகின்றன, கோல்கை (செல்லுக்குள் சுரப்பைப் பதப்படுத்தும் உறுப்பு) சுருங்குகிறது, சுரப்புத் துகள்கள் மறைகின்றன. பேசல் செல்கள் (அடி அடுக்கில் இருப்பவை) பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். எபிதீலியம் (இந்தச் செல்களாலான உள்பூச்சு) சுருங்கச் சுருங்க ஸ்ட்ரோமாவின் (சுற்றியுள்ள தாங்கு திசு) பங்கு கூடும். அதனால் ஸ்லைடு முழுவதற்கும் சராசரி எடுத்தால் நீங்கள் அளப்பது எபிதீலியத்தின் பரப்பையே. மிச்சமிருக்கும் லூமினல் செல்களை மட்டும் எடுத்து, நியூக்ளியஸுக்கு மேலுள்ள கோல்கை பகுதி, செல்லின் மேல் விளிம்பு, லூமனில் தேங்கிய சுரப்பு என மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள்.

இன்னொன்று: டபிள்யூ.ஜி.ஏ. சயாலிக் அமிலத்தை மட்டுமல்ல, என்-அசிட்டைல் குளுக்கோசமீனையும் பிடிக்கும். நியூராமினிடேஸ் (சயாலிக் அமிலத்தை வெட்டி நீக்கும் என்சைம்) கொடுத்த பிறகும் நிறம் நின்றால் பெரும்பாலும் பின்னதுதான். சயாலிக் அமிலத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் எஸ்.என்.ஏ. (ஆல்ஃபா 2,6 பிணைப்புக்கு), எம்.ஏ.ஏ. (ஆல்ஃபா 2,3 பிணைப்புக்கு) ஆகிய லெக்டின்கள் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

கேள்வி: நியூராமினிடேஸ் கொடுத்தும் வேர்க்கடலை லெக்டின் (பி.என்.ஏ.) படியவில்லை. ஏன்?

பி.என்.ஏ. தேடுவது கேலக்டோஸ்–என்-அசிட்டைல் கேலக்டோசமீன் ஜோடியை. அதன்மேல் சயாலிக் அமிலம் உட்கார்ந்திருந்தால் தெரியாது. நீக்கினால் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் முதலில் என்சைமைச் சந்தேகியுங்கள். அசிடேட் பஃபர் (பி.எச். 5.5), மி.லி.க்கு 0.1 யூனிட், 37 டிகிரியில் இரவு முழுவதும் என்பது வழக்கமான தொடக்கம். விப்ரியோ காலரே என்சைமுக்குக் கால்சியம் கட்டாயம் வேண்டும்.

என்சைம் சரியாக இருந்தும் நிறம் வராவிட்டால், சயாலிக் அமிலத்தில் ஓ-அசிட்டைல் குழு இருக்கலாம். அது என்சைமைத் தடுக்கும். 70 சதவீத எத்தனாலில் 0.5 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொண்டு அந்தக் குழுவை நீக்கிவிட்டு, பிறகு என்சைம் கொடுங்கள். காரத்தில் செக்‌ஷன் கழன்று மிதக்கும், ஆகவே பாலிலைசின் பூசிய ஸ்லைடு அவசியம். என்சைம் இல்லாத பஃபரில் அதே நேரம் வைத்த ஸ்லைடு ஒன்றும் கூடவே ஓட வேண்டும். இதையெல்லாம் செய்தும் படியவில்லை என்றால், அந்த ஜோடி அங்கு இல்லாமல் இருக்கலாம்.

கேள்வி: கான்-ஏ (மேனோஸ் சர்க்கரையைப் பிடிக்கும் லெக்டின்) போட்டால் எல்லாமே பழுப்பாகிறது.

லெக்டின் போடாத ஸ்லைடும் பழுப்பா? அப்படியானால் திசுவின் சொந்த பெராக்சிடேஸ் அல்லது பயோட்டின்தான் காரணம். முன்னதற்கு மெத்தனாலில் 0.3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 30 நிமிடம். பின்னதற்கு அவிடின்–பயோட்டின் தடுப்பு.

அது சுத்தமாக இருந்தால் கான்-ஏவின் குணத்தைப் பாருங்கள். நிறம் காட்டப் பயன்படும் அவிடினும் ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸும் மேனோஸ் கொண்ட கிளைக்கோபுரதங்கள். திசுவில் ஒட்டிய கான்-ஏவின் மிச்சக் கைகள் அவற்றையும் பிடித்துக்கொள்ளும், நிறம் அளவுக்கு மீறி ஏறும். ஸ்ட்ரெப்டவிடினுக்கு மாறுங்கள். சீரம், பால்பொடி கொண்டு பிளாக் செய்யவே கூடாது. லெக்டினுக்கு நாமே விருந்து வைப்பதுபோல் ஆகிவிடும். 1 சதவீத பி.எஸ்.ஏ. (மாட்டு சீரம் அல்புமின்) போதும். பாஸ்பேட் பஃபர் கால்சியத்தைப் படிய வைத்துவிடும் என்பதால் டிரிஸ் பஃபரில் கால்சியம், மாங்கனீசு தலா 1 மி.மோலார் சேருங்கள். கண்ட்ரோலுக்கு 0.2 மோலார் மெத்தில் மேனோசைடுடன் லெக்டினை ஒரு மணி நேரம் முன்பே கலந்து வையுங்கள். அப்போதும் நிற்கும் நிறத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: பாரஃபின் செக்‌ஷனில் கிளைக்கோலிப்பிட் (சர்க்கரை ஒட்டிய கொழுப்பு) பார்க்கலாமா?

முடியாது. ஆல்கஹாலும் சைலீனும் பெரும்பகுதியைக் கழுவிவிடும். கிரையோஸ்டாட் (உறைய வைத்து வெட்டும் கருவி) செக்‌ஷன் எடுங்கள்.

கேள்வி: ஈஸ்ட்ரடையால் கொடுத்த எலியில் மாறிய சாயத்தை நேரடி ஈஸ்ட்ரோஜன் விளைவு என்று கொள்ளலாமா?

ஈஸ்ட்ரோஜன் பிட்யூட்டரியின் எல்.எச்.சை (விந்தகத்தைத் தூண்டும் ஹார்மோன்) அடக்கும், அதோடு டெஸ்டோஸ்டிரோனும் விழும். நீங்கள் பார்ப்பது இரண்டின் கலவை. பிரித்தறிய, விதை நீக்கி டெஸ்டோஸ்டிரோனை ஒரே அளவில் நிலைநிறுத்திய எலிகளில் பாதிக்கு மட்டும் ஈஸ்ட்ரடையால் கொடுங்கள். டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனின் பங்கும் தெரிய வேண்டுமானால் ஃபினாஸ்டரைடு (டெஸ்டோஸ்டிரோன் அதுவாக மாறுவதைத் தடுக்கும் மருந்து) குழு ஒன்று வேண்டும். நீடித்த ஈஸ்ட்ரோஜனில் பேசல் செல்கள் பெருகி ஸ்குவாமஸ் மெட்டாப்ளேசியா (தட்டைச் செல்களாக மாறுதல்) வரலாம். அந்த இடங்களைத் தனியாகக் குறியுங்கள். அங்கே செல் வகையே மாறிவிட்டது.

கேள்வி: மனித பயாப்சியில் ஆல்சியன் புளூ (அமில மியூசினுக்கான சாயம், பி.எச். 2.5) நீலம் காட்டினால் புற்றுநோயா?

சந்தேகத்துக்கு வலு சேர்க்கும், தீர்ப்பு சொல்லாது. சாதாரண சுரப்பிகளில் பெரும்பாலும் நடுநிலை மியூசின் (சளிப் பொருள்), அது பி.ஏ.எஸ். சாயத்தில் தெரியும், புற்றுநோய் சுரப்பிகளின் லூமனில் அமில மியூசின் அடிக்கடி வரும். ஆனால் அடினோசிஸிலும் (புற்றுநோயல்லாத சுரப்பிப் பெருக்கம்) வரக்கூடும். புற்றுநோயில் இல்லாமல் போகும் பேசல் செல் அடுக்கு இருக்கிறதா என்று பி63 (பேசல் செல்லைக் காட்டும் சாயம்) போட்டுப் பாருங்கள். நோயாளி ஃபினாஸ்டரைடு எடுப்பவரா என்றும் கேளுங்கள்: 6 முதல் 12 மாதத்தில் ரத்த பி.எஸ்.ஏ. சுமார் பாதியாகும், எண்ணை இரட்டித்துப் படிக்க வேண்டும். (இந்த பி.எஸ்.ஏ. மேலே பிளாக் செய்யச் சொன்ன அல்புமின் அல்ல, புராஸ்டேட் ஆன்டிஜென்.)