மிளகாய்ப் பூ உதிர்கிறதா? புட்டி வாங்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: மிளகாய் நட்டு 50 நாள் ஆகிறது. தொழு உரம் போட்டு, ஐந்து நாளுக்கு ஒருமுறை மீன் அமிலம் (மீனும் வெல்லமும் ஊறவைத்த கரைசல்) தெளிக்கிறேன். செடி கருகருவென்று வளர்ந்தும் பூ உதிர்கிறது, நுனி இலை சுருள்கிறது. கடைக்காரர் பூ நிற்க ‘ஆர்கானிக் டானிக்’ தருகிறார். தெளிக்கலாமா?

பதில்: வேண்டாம். மீன் அமிலத்தையும் இரண்டு வாரம் நிறுத்துங்கள். அதில் தழைச்சத்துதான் தூக்கல். தொழு உரத்துக்கு மேல் அதுவும் சேர்ந்தால் செடி இலையாகவே தள்ளும், பூவை உதறிவிடும். அந்தக் கொழுத்த கொழுந்துக்குத்தான் பூச்சியும் வரும். வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களிலும் பூ உதிரும்; வெயில் தணிந்தால் தானே நிற்கும்.

சரி, இலைச் சுருட்டை. இலை படகு போல மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேன் என்ற நுண்ணுயிர் போன்ற மிகச் சின்ன சிலந்தி. இரண்டும் இலையின் அடியில்தான் குடியிருக்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். பால் போல வெளுக்கும்வரை கலக்கி, சாயங்காலம் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். இலை சிறுத்துக் கொத்தாக நின்றால் வைரஸ். மருந்து கிடையாது, பிடுங்கிவிடுங்கள்.

இப்போது அந்த டானிக். இப்படி ஒரு புட்டியை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். முன்னால் மாடு, பின்னால் பச்சை இலை. என்ன சத்து, எத்தனை சதவீதம், எப்போது தயாரித்தது என்று ஒரு வரி இல்லை. பூ நிற்க வைப்பதாகச் சொல்லும் புட்டிகளில் என்.ஏ.ஏ. என்ற செயற்கை ஹார்மோன் இருக்கலாம். அது வேலை செய்யும், ஆனால் இயற்கை உரம் ஆகாது. ஒரே தெளிப்பில் பூச்சி மொத்தமும் செத்து விழுந்தால் உள்ளே ரசாயன மருந்து கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். ‘பில் வேண்டாம், தெரிந்தவர் சரக்கு’ என்பவரிடம் எதையுமே வாங்காதீர்கள்.

தெளிப்பு உரமே வீண் என்று நான் சொல்லவில்லை. செடிக்குக் கிலோக்கணக்கில் வேண்டிய சத்தை இலை வழியே ஊட்ட முடியாது, அவ்வளவுதான். கிராம் கணக்கில் வேண்டிய இரும்பு, துத்தநாகம் போன்றவற்றை ஊட்டலாம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்காது. அப்போது கொழுந்து மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கொழுந்து என்பதைக் கவனியுங்கள்; அடி இலை மஞ்சளானால் அது வேறு குறை, இரும்பு தெளிப்பது அதற்கு வைத்தியம் இல்லை. மண் பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவதுதான் முறை. ஆனால் நான் ஒருமுறை கொடுத்த மண்ணுக்கு, கடைசிப் பறிப்பு முடிந்த பிறகுதான் முடிவு வந்தது, அதுவும் வெறும் எண்களாக! அதனால் கொழுந்து அப்படி மஞ்சளாக இருந்தால், லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் (இரும்பு உப்பு) கரைத்து, வெயில் இறங்கியதும் நாலே செடிக்குத் தெளித்துப் பாருங்கள். இரண்டு நாளில் இலை விளிம்பு கருகாமல் இருந்தால் மற்ற செடிகளுக்குப் போகலாம்.