62 வயதிலேயே சோஷியல் செக்யூரிட்டியை வாங்கிவிடலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் 28 வருடமாக வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் 62 ஆகிறது. சோஷியல் செக்யூரிட்டி (அமெரிக்க அரசின் ஓய்வூதியம்) பணம் தீரப்போகிறது, வாஷிங்டனில் அதில் கைவைக்கப் போகிறார்கள் என்று தினமும் செய்தி வருகிறது. கிடைக்கும்போதே வாங்கிக்கொள் என்கிறார்கள் நண்பர்கள். வேலை இருக்கிறது, உடம்புக்கும் குறையில்லை. இப்போதே விண்ணப்பித்துவிடவா?

பதில்: வேண்டாம் ஐயா, கொஞ்சம் பொறுங்கள்.

எந்த வயதில் வாங்கினால் மாதம் எவ்வளவு என்று காட்டும் ஸ்டேட்மென்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதில் 62-க்கு நேரே இருக்கும் 1,400 டாலரைப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறீர்கள். அப்படியே கீழே பாருங்கள், 67-க்கு நேரே 2,000 இருக்கிறது, 70-க்கு நேரே 2,480. 62-இல் வாங்கினால் 30 சதவீதம் குறையும், அந்தக் குறை ஆயுசுக்கும் கூடவே வரும்.

சரி, நீங்கள் பயப்படுவது எவ்வளவு வெட்டுக்கு? 2025-இல் வந்த சோஷியல் செக்யூரிட்டி அறங்காவலர்கள் அறிக்கைப்படி, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் எதுவும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் 2033-இல் ஓய்வூதிய நிதியின் கையிருப்பு தீரும். கையிருப்புதான் தீரும், வரவு நிற்காது. வேலை செய்பவரும் முதலாளியும் ஆளுக்கு 6.2 சதவீதம் கட்டிக்கொண்டே இருப்பதால் சேர வேண்டிய தொகையில் 77 சதவீதம் வரை கொடுக்க முடியும். அதாவது எப்போதோ 23 சதவீதம் வெட்டக்கூடும் என்று பயந்து இன்றைக்கே நீங்களாக 30 சதவீதத்தை வெட்டிக்கொள்ளப் பார்க்கிறீர்கள். அந்த வெட்டு வந்தாலும் சீக்கிரம் வாங்கியவரை விட்டுவிடாது: 1,400 வாங்குபவருக்கு 1,078, 2,000 வாங்குபவருக்கு 1,540.

இன்னொன்று, நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள். முழு ஓய்வு வயதுக்கு (உங்களுக்கு 67) முன்னால் வாங்கினால், சம்பளம் ஆண்டு வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலரைப் பிடித்துவைப்பார்கள். 67-க்குப் பிறகு கணக்கைச் சரிசெய்து தருவார்கள் என்றாலும், இப்போது உங்கள் கைக்கு வருவது சொற்பம்தான்.

அரசியலுக்கு வருவோம். 1983-இலும் நிதி காலியாகும் நிலைக்கு வந்தது. குடியரசுக் கட்சியின் அதிபர் ரீகனும் ஜனநாயகக் கட்சியின் சபாநாயகர் டிப் ஓநீலும் சேர்ந்து வழி கண்டார்கள். அப்போதுதான் ஓய்வு வயது 65-இலிருந்து 67-க்குப் படிப்படியாக ஏறியது, அதுவும் 1938-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குத்தான் தொடங்கியது. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வலியே இல்லை என்று சொல்ல மாட்டேன், விலைவாசிப் படியை ஆறு மாதம் தள்ளிப்போட்டார்கள். 2005-இல் அதிபர் புஷ் இதில் ஒரு பகுதியைத் தனியார் கணக்குகளுக்கு மாற்றப் பார்த்தார். இரு அவைகளும் அவர் கட்சியின் கையில் இருந்தும் அது ஓட்டெடுப்புக்கே வரவில்லை. மக்கள் விடவில்லை.

இப்போதைய சண்டை, வயதை இன்னும் ஏற்றுவதா அல்லது வரியின் உச்சவரம்பை ஏற்றுவதா என்பது. 2025-இல் 1,76,100 டாலருக்கு மேல் வந்த சம்பளத்துக்கு இந்த வரியே இருக்கவில்லை. என்னைக் கேட்டால் வரம்பைத்தான் ஏற்ற வேண்டும். உட்கார்ந்து வேலை பார்க்கிற நமக்கு 69 வரை ஓடிவிடும், கிடங்கில் பெட்டி தூக்குகிறவரின் முதுகு 62 வரை தாங்குவதே பெரும்பாடு. உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்கு போன் போட்டு இதைச் சொல்லுங்கள்.

உடம்பு முடியாமல் போனாலோ, வேலை போய்க் கையில் சேமிப்பும் இல்லாமல் இருந்தாலோ 62-இல் வாங்குவதில் தப்பே இல்லை. உங்கள் நிலைமை அதுவல்ல. கணக்குப் போட்டால், 78 வயது 8 மாதத்தைத் தாண்டினாலே 67-இல் வாங்கியது லாபம்.

அப்புறம், உங்கள் மனைவியின் ஸ்டேட்மென்டையும் அனுப்புங்கள். உங்கள் தொகை பெரிதாக இருந்தால், உங்களுக்குப் பின் அவருக்குத் தொடர்ந்து வரப்போவது அதுதான். அவர் கையில் 1,650-ஐ ஒட்டிய தொகை (நீங்கள் 62-இல் வாங்கியிருந்தால், 2,000-இல் 82.5 சதவீதம்) இருக்க வேண்டுமா 2,000 இருக்க வேண்டுமா என்பதை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிவிட்டு எழுதுங்கள்.